காதை அடைக்காத வயர்லெஸ் இயர்பட்ஸ் தினசரி பயன்பாட்டுக்கு ஏற்றதா? மாறியவர்கள் சொல்லுங்களேன்

தினமும் ஆறேழு மணி நேரம் இதைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன். நீங்களும் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றே நினைத்துக்கொள்கிறேன், "தினசரி" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மீட்டிங்குக்காகத்தான் கேட்கிறார்கள். வீட்டில் உங்களைக் கூப்பிட ஆள் இருந்தால் வாங்குங்கள். பாட்டை ரசித்துக் கேட்கத்தான் என்றால் வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போடுவதற்கு என்றால் கண்டிப்பாக வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒலித்தரத்தை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து நான் மாறவில்லை. பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்த பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். அடுத்த அறை அவருடையது, நடுவில் ஒரு சுவர். பதிவு செய்த உரையாடல்களைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் வேலை, நடுநடுவே மீட்டிங். காதுக்குள் செருகுகிற, வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதியுள்ள இயர்பட்ஸைத்தான் இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கருவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் மதியம் சார்ஜ் தீர்ந்து அது தானாக அணைந்தது. கழற்றினேன், அப்பாவின் குரல் கேட்டது. கட்டிலை விட்டு எழுந்து நாலடி நடந்தவர் கதவோரம் சறுக்கி உட்கார்ந்துவிட்டிருக்கிறார், எழ முடியவில்லை. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. "நீ வேலையா இருக்கேன்னு நினைச்சேம்மா" என்றார், அவ்வளவுதான். இடுப்பில் கன்றிப்போயிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் குரல் கம்மியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கம்மிய குரல். அது எனக்குத் தெரியும்.

"ஒரு அழைப்பு மணி வைத்திருக்கலாமே" என்று யாராவது கேட்பீர்கள். வைத்திருந்தேன். கை எட்டுகிற இடத்தில், கட்டில் பக்கத்தில். விழுந்த இடத்தில் மணி இல்லை. தவிர அப்பாவுக்கு மணி அடித்துப் பெண்ணைக் கூப்பிடுவது பிடிக்கவில்லை, அவரை நான் வற்புறுத்தவும் இல்லை.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. சுவரைத் தாண்டி வரும் குரலில் கூர்மையான ஒலிகள் சுவரிலேயே அடிபட்டுப் போய்விடும், கீழ்ஸ்தாயிதான் மிஞ்சி வரும். நாய்ஸ் கேன்சலிங் மிக நன்றாக வேலை செய்வதும் அந்தக் கீழ்ஸ்தாயியில்தான். மிச்சமிருப்பதை ரப்பர் முனை அடைத்துவிடும். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடும் மனிதக் குரலைக் கேட்கவிடாமல் செய்ய இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. நான் வேண்டுமென்றே வாங்கிய அம்சம் அது.

டிரான்ஸ்பரன்ஸி மோடு இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். இருக்கிறது, பயன்படுத்தியும் பார்த்தேன். வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி உள்ளே ஸ்பீக்கரில் திருப்பித் தருகிற ஏற்பாடு அது. ஆனால் அதைப் போட நினைவிருக்க வேண்டும், ஃபேன் காற்று மைக்கில் பட்டால் இரைச்சல் வரும், காது என்னவோ அடைத்தபடியேதான் இருக்கும். அந்த அடைப்பு எனக்கு வேறு விதத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. வலது காதில் அரிப்பு, பிறகு வலி. வெளிக்காதில் தொற்று என்று சொல்லி மருத்துவர் பத்து நாள் எதையும் செருக வேண்டாம் என்றார். காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். அதன் தோல் உள்ளிருந்து வெளியே நோக்கி மெல்ல நகர்ந்து அழுக்கைத் தானே வெளியே தள்ளும். நாள் முழுக்க அதன் வாயை மூடி வைத்தால் வியர்வையும் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு ஆனது.

சரி, கேள்விக்கு வருகிறேன். காதை அடைக்காதவை என்று விற்பவை எல்லாம் ஒரே வகை இல்லை. நான் மூன்று வகையைப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்த மாடல்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

முதலில் எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து அதிர்வைக் கொடுக்கும், செவிப்பறையைத் தொடாமல் அது நேராக உள்காதுக்குப் போகும். பின்கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை வரும், ஷாக்ஸ் ஓப்பன்ரன் இந்த வகைதான். பேச்சு தெளிவாகவே இருந்தது. ஆனால் ஒலியைக் கூட்டினால் கன்னத்தில் குறுகுறுவென்றது. நாற்காலியில் சாய்ந்தால் பட்டை தலையணையில் இடித்து முன்னே தள்ளியது. ஓடுபவர்களுக்கு இது நல்லது, நாள் முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்கிற எனக்குப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

அடுத்தது காதின் மேல் கொக்கி போல மாட்டி, சின்ன ஸ்பீக்கரைக் காதுத் துவாரத்துக்கு நேரே நிறுத்துகிற வகை. 2023இல் வந்த ஷாக்ஸ் ஓப்பன்ஃபிட் போன்றவை. ஒலி இதில்தான் நிறைவாக இருந்தது. எனக்குச் சிக்கல் கண்ணாடி. மூக்குக்கண்ணாடியின் காம்பும் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், மூன்று மணி நேரம் கழித்துக் காதின் பின்புறம் சிவந்துவிடும். கண்ணாடி போடாதவர் என்றால் நீங்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கிளிப் வகை, காது மடலின் ஓரத்தில் கவ்விக்கொள்வது. ஹுவாவே ஃப்ரீகிளிப், 2024இல் வந்த போஸ் அல்ட்ரா ஓப்பன் எல்லாம் இந்த ரகம். என் காதில் இப்போது இருப்பதும் இந்த வகைதான். கண்ணாடியோடு சண்டை இல்லை, போட்டிருப்பதே மறந்துவிடும். சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது ஒருமுறை தெறித்து விழுந்து அரை மணி நேரம் தேடினேன், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஒலி மாறும். முதல் நாள் "இவ்வளவுதானா" என்று தோன்றினால் கிளிப்பைச் சற்று மேலே, கீழே நகர்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒலியைப் பற்றி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. பேஸ், அதாவது கீழ்ஸ்தாயியின் கனம், குறைவுதான், எந்த விலைக்கு வாங்கினாலும் குறைவுதான். காதுக்குள் செருகும் இயர்பட்ஸில் அந்தச் சின்ன இடத்துக் காற்றை மூடி வைத்து அழுத்துவதால்தான் பேஸ் கிடைக்கிறது. திறந்திருந்தால் அழுத்தம் வெளியே ஓடிவிடும். முதல் வாரம் நான் மனம் வெறுத்துப்போனேன், தெரிந்த பாட்டுகள் எல்லாம் சதை வற்றிய மாதிரி ஒலித்தன. ஆனால் பேச்சுக்கு இந்தக் குறை தெரியவில்லை. பேச்சு புரிவதற்கான தகவல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது, பழைய டெலிபோன் வெறும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பியது, அதிலேயே நாம் எல்லாம் பேசிக்கொண்டோமே. மீட்டிங், பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் என்றால் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு மாற்றத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரலே தலைக்குள் கும்மென்று முழங்கும். விரலால் அடைத்துப் பேசிப் பாருங்கள், எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த முழக்கத்தால் நாம் சத்தமாகப் பேசுவதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திவிடுகிறோம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒலியை நிறுத்திவிட்டு, ஆனால் இயர்பட்ஸைக் கழற்றாமலேயே, அவரோடு பேசுவது என் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் "என்னம்மா?" என்று இரண்டாம் முறை கேட்பார், அவருடைய காதுதான் மோசமாகிக்கொண்டே போகிறது என்று நினைத்துக் கவலைப்பட்டேன். கிளிப்புக்கு மாறிய பிறகு அந்த இரண்டாம் கேள்வி பாதியாகக் குறைந்துவிட்டது. இத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா விழுந்ததை அண்ணனிடம் சொன்னபோது, "நீ காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்" என்றார். மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் வருகிறவர். இரவு இரண்டு முறை எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது யார், எந்த மாத்திரை எப்போது என்று தெரிந்தது யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆள் வைத்துக்கொள், ஆள் வைத்துக்கொள் என்பார், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நான் வேலை பார்க்க வேண்டும், வேலை பார்க்கக் காதில் மாட்டித்தான் ஆக வேண்டும். கூட இருந்து பார்ப்பவர்கள்தான் எதையாவது தவறவிடுவார்கள். கூட இல்லாதவர்களுக்குத் தவறவிட என்ன இருக்கிறது? இதைப் படிக்கும் யாராவது தூரத்திலிருந்து அக்காவுக்கோ தங்கைக்கோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரி. எங்கே இது உதவாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினசரி பயன்பாடு என்றால் பயணமும் அதில் வரும். மருத்துவமனைக்கு அப்பாவின் அறிக்கைகளை வாங்கப் போகும்போது பஸ்ஸில் ஒரு பதிவைக் கேட்க முயன்றேன். ஒன்றும் புரியாமல் கூட்டிக்கொண்டே போனேன், கடைசியில் போனே எச்சரிக்கை காட்டியது. காது திறந்திருக்கிறது, அதனால் காதுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அமைதியான அறையில் சரி, இரைச்சலில் நேர் எதிர். வெளி இரைச்சலை எதுவும் தடுக்காததால் அதற்கும் மேலே ஒலியை ஏற்ற வேண்டியிருக்கும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். எலும்பு வழி வகைக்கும் விலக்கு இல்லை, செவிப்பறையைத் தவிர்த்தாலும் அது போய்ச் சேர்வது அதே உள்காதுக்குத்தான். என் பழைய இயர்பட்ஸைத் தூக்கிப் போடவில்லை, பயணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒலிக் கசிவும் உண்டு. வெளியே போகும் ஒலியைச் சில மாடல்களில் எதிர் ஒலி கொண்டு குறைக்கிறார்கள், முழுதாக நிற்காது. என் வேலையில் ரகசியப் பதிவுகள் வரும், அதனால் மகனை ஒரு கை தூரத்தில் உட்காரவைத்துச் சோதித்தேன். பாதி ஒலியில் அவனுக்கு முணுமுணுப்புதான் கேட்டது, முக்கால் தாண்டியதும் வார்த்தைகள் புரிந்தன. அலுவலகத்தில் நெருக்கமாக உட்காருபவர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி, உங்களுக்கு வீடு கேட்கிறது என்பதற்காக மீட்டிங்கில் எதிர்ப்பக்கத்துக்கும் வீடு கேட்கும் என்று இல்லை, அது மைக்கைப் பொறுத்தது. வாங்குமுன் ஃபேனுக்கு அடியில் நின்று யாருக்காவது பேசிப் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்க அவகாசம் உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள், இது காதின் வடிவத்தைப் பொறுத்த பொருள், என் மடலுக்குப் பொருந்தியது உங்களுக்கு வலிக்கலாம். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு மூன்று மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பார்க்காமல் பெட்டியை வீசாதீர்கள். நீர்ப் பாதுகாப்புக்கு ஐபிஎக்ஸ்4 (தெறிக்கும் நீரைத் தாங்கும் என்ற தரக்குறி) இருந்தால் வியர்வைக்குப் போதும், குளிக்க அல்ல. வண்டி ஓட்டும்போது எந்த வகையும் வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். ஒன்று ஜன்னலைச் சாத்த, இன்னொன்று மணி என்ன என்று கேட்க. இப்போதெல்லாம் குரலை உயர்த்துவதில்லை, சாதாரணமாகவே கூப்பிடுகிறார்.