மகாவலி ஆற்றை வைத்துச் சூழல் கலை செய்ய ஆசை. திருகோணமலையில் இருக்கிறேன், எதிலிருந்து தொடங்கலாம்?

சேற்றிலிருந்து தொடங்குங்கள். கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கி மீன் உருவம் கட்டுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். நல்ல நோக்கம். ஆனால் அந்த மீனை எந்தக் கடற்கரையிலும் கட்டலாம், அதில் மகாவலி இருக்காது.

335 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விடுகிற ஆறு இது. 1985இல் கொத்மலை, விக்டோரியா, அடுத்த ஆண்டு ரந்தெனிகல என அணைகள் வந்தபின் வண்டலில் ஒரு பங்கு மேலேயே படிந்துவிடுகிறது. தப்பி வரும் மணலையும் கீழே லொறிகளில் அள்ளுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு முகத்துவாரத்தில் கைக்கு வரும் சேறு எனக்குப் பெரிய சொத்து. அதை வர்ணமாக்கித்தான் நான் வரைகிறேன்.

மாரி வெள்ளம் வடிந்தபிறகு, மூதூருக்குப் பக்கத்தில் மகாவலியைக் கடக்கும் கங்கைப் பாலத்தின் பக்கம் போங்கள். ஒரு சிறிய வாளிச் சேறு போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கிச் சற்று விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிடுங்கள். அடியில் படிகிற பசைதான் வேண்டியது. கழிமுகச் சேற்றில் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் பலமுறை அலசாவிட்டால், காய்ந்த துணியில் வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு விளாம்பிசினை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடித்துச் சேருங்கள். வெளுக்காத பருத்தித் துணியில் நன்றாகப் பிடிக்கும்.

கழிமுகத்து உப்புநீரில் வளரும் கண்டல் காட்டுச் சேற்றைக் கட்டாயம் பாவித்துப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில் இரும்பும் கந்தகமும் சேர்வதால்தான் அதற்கு அந்தக் கருமை. துணியில் பூசிக் காற்றுப்பட்டால் கருமை மங்கிப் பழுப்பேறும். நீங்கள் வரைந்து முடித்தபின்னும் படம் மாறிக்கொண்டிருக்கும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆற்றுச் சேற்றால் வரைவது புதிதல்ல. பிரித்தானியக் கலைஞர் ரிச்சர்ட் லோங் தன் ஊரான பிரிஸ்டலின் ஏவன் ஆற்றுச் சேற்றைக் கையாலேயே சுவரில் பூசிப் பெரிய படைப்புகள் செய்திருக்கிறார். நம்மிடம் அதைவிட நீண்ட ஆறு இருக்கிறது. பேராதனை, மனம்பிட்டி, மூதூர் மூன்றிடத்து மண்ணையும் ஒரே நீளத் துணியில் வரிசையாகப் பூசினால் மலையிலிருந்து கடல்வரை ஆறு தெரியும். வெருகலாறும் மகாவலியின் கிளைதான், அந்த மண்ணையும் சேர்க்கலாம்.

கண்டலில் ஒரு கிளையையும் ஒடிக்க வேண்டாம், விழுந்த இலை போதும். முதலை இருக்கும் தண்ணீர், தனியாக இறங்காதீர்கள். அந்த ஊர்த் தோணிக்காரர் ஒருவரோடு போங்கள், கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே நிற்கிறது என்பதை அவர்களைப்போல் வேறு யாரும் காட்டமாட்டார்கள். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் மண் எடுத்த இடத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். முதல் காட்சியை நகரத்து விடுதியில் வைக்காமல் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு பாடசாலையில் வையுங்கள்.