இண்டக்ஷன் உலையில் யூனிட் குறைப்பது: கேள்வி பதில்

கேள்வி: கும்மிடிப்பூண்டியில் ஸ்கிராப் உருக்குகிறோம். டன்னுக்கு 640 யூனிட் ஆகிறது. பவர் பேனலை மாற்றலாமா சார்?

பதில்: பேனலை விடுங்கள். ஒரு டன் இரும்பை 1,600 டிகிரிக்கு ஏற்ற 400 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் தேவை. மீதி காயில் (உலையைச் சுற்றியுள்ள செம்புச் சுருள்) குளிரத் தண்ணீர் ஓடுகிறதே, அதிலும், லைனிங் (உலையின் உள்சுவர்ப் பூச்சு) வழியாகவும், திறந்த வாயிலும் போகிறது. அந்தச் சூட்டில் வாய் திறந்திருந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவாட் வீண். முதலில் மூடி போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒரு தடவை உருக்கி ஊற்றுவது) முழு பவரில் ஓடியது எத்தனை நிமிடம், கிரேனுக்கும் லேப் ரிசல்ட்டுக்கும் காத்திருந்தது எத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். காத்திருக்கும் உலை யூனிட்டையும் தின்னும், டன்னும் தராது. உருகிய இரும்பை ஏந்தும் லேடிலைச் சிவக்கச் சூடேற்றினால் டேப்பிங் சூட்டையும், அதாவது இரும்பை ஊற்றும்போது இருக்கும் சூட்டையும், குறைக்கலாம். ஸ்கிராப் காய்ந்திருக்கட்டும்.

கேள்வி: ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே ஆக்சிஜன் நீக்கிய இரும்பு) கூடினால் யூனிட் ஏறுமா?

பதில்: ஏறும். அதில் மிச்சமுள்ள ஆக்சைடை இரும்பாக்கவும், கூட வரும் மண்ணை ஸ்லாக்காக (மேலே மிதக்கும் கசடு) உருக்கவும் கரண்ட் வேண்டும். அடியில் உருகிய இரும்பு சேர்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நனைந்த ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இரும்பிலிருந்து பாஸ்பரஸ் எடுக்கச் சுண்ணாம்பு போடலாமா?

பதில்: சிலிகா லைனிங்கிலா? அரித்துவிடும். பாஸ்பரஸ் குறைந்த ஸ்கிராப்பா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கேள்வி: லைனிங் தேய்ந்தபிறகுதான் வேகமாக உருகுகிறது. ஆரம்பத்திலேயே மெல்லிசாக அடித்தால் என்ன?

பதில்: கவனித்தது சரிதான். காயிலும் இரும்பும் நெருங்கினால் காந்தப்புலம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் லைனிங் வழியாகப் போகும் சூடும் கூடும். லைனிங்குக்குப் பின்னால் இருப்பது தண்ணீர் ஓடும் செம்புக் காயில்.

கேள்வி: சார், மன்னிக்கவும். எங்கள் மெல்ட்டர் தேய்ந்த லைனிங்கிலேயே கூடுதலாகப் பல ஹீட் எடுக்கிறார். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: கிரவுண்ட் லீக் மீட்டர் (இரும்பு காயிலை நெருங்கிக் கரண்ட் கசிந்தால் காட்டுவது) என்ன காட்டுகிறது? அதை எழுதாமல் "ஒன்றும் ஆகவில்லை" என்றால் எப்படி?

கேள்வி: அதே உலையின் எலக்ட்ரீசியன் நான். மீட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று பைபாஸ் செய்திருக்கிறார்கள்.

பதில்: அப்படியானால் பேச்சே இல்லை. பைபாஸை எடுங்கள், லைனிங்கை உடையுங்கள். இரும்பு காயிலைத் தொட்டால் நீங்கள் மிச்சம் பிடித்த யூனிட்டெல்லாம் ஒரு காயில் விலைக்குக் காணாது. மேடையில் நிற்கும் ஆட்கள் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: யூனிட் குறைக்க எளிய வழி?

பதில்: மூடி. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: யூனிட் குறைய என்ன செய்யலாம்?

பதில்: மூடி!

கேள்வி: பழைய ஷாக் அப்சார்பர் மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே போடலாமா?

பதில்: கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த எதையும் வெட்டித் திறக்காமல் உலையில் போடாதீர்கள். உள்ளே அடைபட்ட எண்ணெயோ தண்ணீரோ சூட்டில் வெடித்து, உருகிய இரும்பை ஆள் மேலேயே வீசும். காஸ் கட்டிங் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, மலிவா என்று பாருங்கள்.