முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி: டயர் கலப்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (சேலம்): ஸ்விஃப்ட், டயர் அளவு 185/65 ஆர்15. முன் டயர் இரண்டும் மொட்டை. பின்னால் பாதிப் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்கட்டைகள்) இருக்கிறது. அதே கம்பெனி டயர் கடையில் இல்லை. வேறு கம்பெனியில் இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடலாமா சார்?

பதில்: வேறு கம்பெனியில் தாராளமாக வாங்கலாம். ஆனால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். இப்போது பின்னால் இருப்பவை முன்னால் வரட்டும்.

"இழுப்பது முன் சக்கரம், திருப்புவதும் அதுதான், அப்புறம் ஏன் பின்னால்?" என்று கடையிலேயே கேட்பார்கள். மழைத் தண்ணீரில் வளைவில் போகும்போது முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் வேகம் குறைந்து, பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங்கில் எந்த அறிகுறியும் வராது. வால் வெளியே வீசும், வண்டி சுழலும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். பழக்கமில்லாதவர் பயந்து பிரேக்கை மிதிப்பார், எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் இன்னும் லேசாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழையில் இறங்கும்போது பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைந்துதான் இருக்கும். இஎஸ்பி (வண்டி வழுக்கும்போது தானாகவே சக்கரங்களுக்குப் பிரேக் கொடுத்து நிலைப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டியிலும் இதே விதிதான். அது இருக்கிற பிடியைப் பங்கிடும், இல்லாத பிடியை உண்டாக்காது.

முன் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால் இந்த முறை செலவுக்கும் ஒத்துவரும். முன்னால் தேய்ந்தவை கழியும், பின்னால் இருப்பவை முன்னால் வரும், புதியவை பின்னால் ஏறும்.

ஒன்றை மட்டும் அளந்து பாருங்கள். முன்னால் வரப்போகும் டயரில் பட்டன் பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மழைக்காலத்துக்கு முன் நான்கையும் மாற்றிவிடுவதே சரி. சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ., ஆனால் அந்த அளவில் தண்ணீரை வெளியேற்றப் பள்ளமே மிச்சமிருக்காது.

கேள்வி (மதுரை): முன்னால் இடது எம்.ஆர்.எஃப், வலது அப்பல்லோ. அளவு ஒன்றே. தப்பா?

பதில்: தப்பு. ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ரப்பர் கலவை, பட்டன் அமைப்பு, சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) விறைப்பு மூன்றும் மாடலுக்கு மாடல் மாறும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் முன்னதாக வழுக்கும், வண்டி மற்றப் பக்கம் இழுக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு வேறு மாடல்களும் இதே கணக்குதான். பெயர் ஒன்றாக இருப்பதால் ஜோடி ஆகிவிடாது.

கேள்வி (திருநெல்வேலி): பின்னால் ஒரு டயர் சைடுவாலில் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றிலும் 5 மி.மீ. இருக்கிறது. ஒன்று மட்டும் வாங்கினால் போதுமா அண்ணா?

பதில்: முதலில் ஸ்டெப்னியைப் பாருங்கள். முழு அளவு, அதே மாடல், ஓடாதது என்றால், அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கி இரண்டையும் பின்னால் ஜோடியாகப் போடலாம். கழற்றும் நல்ல டயர் ஸ்டெப்னி ஆகட்டும். ஆனால் ஸ்டெப்னியின் வயதைப் பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். சைடுவாலில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். ஓடாத டயரும் காலத்தில் இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும். பல கார் கம்பெனிகள் 6 ஆண்டு என்கின்றன. டயர் கம்பெனிகள் அதிகபட்சம் 10 என்கின்றன. 6 தாண்டியதை ஓட்டத்துக்குப் போட வேண்டாம். அந்த மாடலே வருவதில்லை என்றால் இரண்டாக வாங்குங்கள்.

கேள்வி (கோவை): முன்னால் சத்தம் குறைந்த, மெத்தென்ற டயர், பின்னால் அதிக கிலோமீட்டர் உழைக்கும் கெட்டி டயர். செலவு மிச்சமாகும் அல்லவா?

பதில்: கம்பெனி கலப்பை விட இந்தக் குணக் கலப்புதான் ஆபத்து. நீண்டநாள் உழைக்கும் கெட்டி ரப்பர் ஈரச் சாலையில் பொதுவாகக் குறைவாகவே பிடிக்கும். அதைப் பின்னால் போட்டால், பட்டன் புதிதாக இருந்தும் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். ஆகவே வேறு கம்பெனி வாங்கும்போதும் அதே இனத்தில் வாங்குங்கள்: சாலை டயருக்குச் சாலை டயர், ஏ.டி. டயருக்கு (கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது) ஏ.டி. டயர். ரன்ஃபிளாட்டோடு (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) சாதாரண டயரைக் கலக்க வேண்டாம்.

சைடுவாலில் 88எச் போல ஒரு குறி இருக்கும். 88 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ, எச் என்றால் உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள். 85 என்றால் 515 கிலோதான்.

கேள்வி (ஓசூர்): 185/65 ஆர்15 வரும் ஸ்விஃப்டுக்குப் பின்னால் மட்டும் 195/65 ஆர்15 போடலாமா?

பதில்: வேண்டாம். 185/65 ஆர்15இன் விட்டம் 621.5 மி.மீ., 195/65 ஆர்15 வந்தால் 634.5. இரண்டு சதவீத வித்தியாசம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது) சக்கர வேகத்தை ஒப்பிட்டே வேலை செய்கிறது. நிரந்தரமாக வேறு வேகத்தில் சுற்றும் சக்கரம் அந்தக் கணக்கைக் குழப்பும்.

கேள்வி (சென்னை): எக்ஸ்யூவி700, ஆல் வீல் டிரைவ். பின்னால் இரண்டு மட்டும் மாற்றலாமா?

பதில்: இங்கே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். புதியதற்கும் பழையதற்கும் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 8 மி.மீ.; 235/60 ஆர்18இல் அது ஒரு சதவீதத்துக்கு மேல். முன்னும் பின்னும் ஓயாமல் வேறு வேகத்தில் சுற்றும், நடுவே முன் பின் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் அதைச் சறுக்கலாக எடுத்துக்கொண்டு வேலை செய்யும், சூடாகும், தேயும். புத்தகத்தில் சொன்ன வரம்பைப் பாருங்கள். பொதுவாக நான்கையும் ஒரே மாடலில் ஒன்றாக மாற்றுவதே மலிவு. கப்ளிங் விலை அதைவிட அதிகம்.

கேள்வி (திருச்சி): முன் பின் வேறு கம்பெனி என்றால் காற்று வேறா? ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது) எப்படி?

பதில்: காற்று ஸ்டிக்கரில் உள்ளபடியே, டயர் குளிர்ந்திருக்கும்போது. கம்பெனியைப் பொறுத்து மாறாது. ரொட்டேஷனில் ஜோடி பிரியக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஜோடிக்கும் தேய்மானம் வேறாக இருக்கும் வரை முன்பின் மாற்றாதீர்கள், நல்லது முன்னால் போய்விடும். சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயரை இடம் வலம் மாற்றக் கூடாது.

கேள்வி (வேலூர்): புதிய ஜோடி மாட்டியபின் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் சரி என்கிறார்கள்.

பதில்: நான்கிலும் காற்றைச் சரிபாருங்கள். பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள் (அம்புக்குறி டயர் என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின் மாற்றிப் பாருங்கள்). இழுப்பு வலப்பக்கம் திரும்பினால் அல்லது மறைந்தால் குறை டயரில். பில்லோடு கடைக்குப் போய் வாரண்டி கேளுங்கள். அப்படியே இடப்பக்கம் இழுத்தால் டயரை விட்டுவிட்டு பிரேக் காலிபர், சஸ்பென்ஷன் புஷ் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் சென்சாரை வைத்துக் காற்றழுத்தம் கணிக்கும் வண்டியாக இருந்தால், டயர் மாற்றியதும் அதை ரீசெட் செய்ய மறக்காதீர்கள். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.