தீனிப்பை உப்பியிருந்தால் கோழியைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் செல்லக் கோழிக்கு இரண்டு நாளாகக் கழுத்தடியில் தீனிப்பை உப்பியிருக்கிறது. வாயில் புளித்த நாற்றம். எச்சமும் தண்ணீராகப் போகிறது. தலைகீழாகப் பிடித்து அமுக்கச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் பொடி தந்தார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம்.

கோழியின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். தலைகீழாக அமுக்கும்போது புளித்த நீர் அதற்குள் இறங்கினால் கோழி அங்கேயே மூச்சடைத்துச் செத்துப்போகும்.

இன்று இரவு தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். விடிந்ததும் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நல்ல கோழிக்கு அது காலியாகியிருக்கும். கெட்டியாக உருண்டிருந்தால் புல்லோ நாரோ நூலோ சிக்கியிருக்கிறது. தளதளவென்று இருந்து, நாற்றமும் அடித்தால் பூஞ்சை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. மருத்துவர் குழாய் விட்டு அந்த நீரை எடுத்து, நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து தருவார். ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

கோழியைக் கண்ணால் பார்க்காமல், பெயர்கூட ஒட்டாத பொட்டலத்தை நீட்டுபவரை நம்பாதீர்கள். அவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 'கோழிக்கெல்லாமா வைத்தியம்? வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்' என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள்தானே ஆட்களை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன! எங்கள் கால்நடை மருத்துவப் படிப்பிலும் ஆயிரம் கோழிகளின் பண்ணைக்குத்தான் பாடம். வீட்டில் வளரும் ஒற்றைக் கோழிக்கு இல்லை.

கழிச்சல் என்றதும் மருந்து தேடுகிறவர்களுக்கு ஒன்று. அடைகாக்கும் கோழி பெரும்பாலும் நாளுக்கு ஓரிரு முறைதான் எழும். அதுவரை அடக்கி வைத்ததை ஒரே குவியலாகப் போடும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அது நோயே இல்லை. அடையில் இல்லாத கோழியும் இடையிடையே பழுப்பாக, பசைபோல் ஒட்டும் எச்சம் போடும். அது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் குருட்டுக்குடலிலிருந்து வருவது. அதற்கும் மருந்து வேண்டாம். இவற்றைக் கழிச்சல் என்று எண்ணி மருந்தைப் புகட்டித்தான் பலர் நல்ல குடலைக் கெடுக்கிறார்கள்.

குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளாதீர்கள். அதற்கு ஆம்ப்ரோலியம் தரும்போது பி1 வைட்டமின் டானிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது.

கடைப் பொடியை ஏற்கெனவே கொடுத்திருந்தால் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளுக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.