யாரும் கண்டுகொள்ளாத நல்ல கேம்கள்: எதை வாங்கலாம், எப்படி வாங்கலாம்?

கேள்வி: நல்ல கேம் என்றால் அதற்குப் பேர் வந்திருக்குமே? பேர் வராததைத் தேடிப் பிடித்து வாங்குவதில் என்ன லாபம்?

விலைதான் லாபம். பேர் வராததற்குக் காரணம் பல நேரம் காலண்டர்தான், தரம் இல்லை. துப்பாக்கி கேமான டைட்டன்ஃபால் 2 வெளியான நாள் 2016 அக்டோபர் 28. அதற்கு ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் பின்னால் புதிய கால் ஆஃப் டூட்டி. இவையும் அதே வகை கேம்கள். இதில் பேட்டில்ஃபீல்டும் டைட்டன்ஃபாலும் ஈஏ என்ற ஒரே கம்பெனியின் வெளியீடுகள். தன் வீட்டுப் பிள்ளைகளையே மோதவிட்டுப் பார்த்தார்கள். மேட் மேக்ஸ் 2015 செப்டம்பர் 1 அன்று, மெட்டல் கியர் சாலிட் 5 வந்த அதே நாளில் வந்தது. இப்படி நசுங்கிய கேம்கள் தள்ளுபடிக் காலத்தில் 75 சதவீதத்துக்கு மேல் இறங்குவது சாதாரணம்.

டைட்டன்ஃபால் 2 வாங்குவதாக இருந்தால் கதைப் பகுதிக்காக வாங்குங்கள். ஆறு மணி நேரம்தான், ஆனால் அதில் இழுவை கிடையாது. 'எஃபெக்ட் அண்ட் காஸ்' என்ற கட்டத்தில் ஒரே பட்டனில் கடந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் தாவலாம்; அந்த ஒரு கட்டத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போகும். விலை கூடிய அல்டிமேட் எடிஷன் வேண்டாம். பிறகு வந்த மேப்கள் எல்லோருக்கும் இலவசமாகவே வந்தன. கூடுதல் காசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெயின்ட் வேலை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கினாலும் ஈஏ ஆப்பும் கணக்கும் வேண்டும். ஒரு கேமுக்கு இரண்டு லாகின் என்பது எரிச்சல்தான், வேறு வழியில்லை.

கேள்வி: ப்ரே வாங்கினேன். குண்டே போதவில்லை, எதிரி இரண்டு அடியில் கொன்றுவிடுகிறது. எல்லோரும் புகழ்கிறார்களே, நான் என்ன தப்பு செய்கிறேன்?

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இதே பெயரில் 2006-ல் வந்த கேம் வேறு. நாம் பேசுவது 2017-ல் ஆர்க்கேன் நிறுவனம் செய்தது, டேலோஸ் 1 என்ற விண்வெளி நிலையத்தில் நடப்பது. இந்தப் பெயர்க் குழப்பமே அதன் விற்பனையைக் கெடுத்தது என்பது என் கணிப்பு.

இதைத் துப்பாக்கி கேமாக ஆடினால் எல்லோருக்கும் இந்தக் கதிதான். ஆரம்பத்திலேயே கிடைக்கும், நுரை பீய்ச்சும் க்ளூ துப்பாக்கியை வழி அடைக்கவும் சுவர் ஏறவும் மட்டும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எதிரிமேல் அடியுங்கள். நுரை இறுகி அது அசையாமல் நிற்கும். அந்தச் சில நொடியில் ஸ்பேனரால் சாத்துங்கள். ஸ்பேனரைக் கண்டபடி வீசினால் மூச்சு வாங்கி அடி பலிக்காது. பட்டனை அழுத்திப் பிடித்து ஓங்கி அடிப்பதே சிக்கனம். ஆளுயரக் கறுப்பு உருவமான ஃபேன்டத்தைத் தொடக்கத்தில் பிஸ்டலால் சுட்டு வீழ்த்தப் பார்த்தால் தோட்டா மொத்தமும் காலி. அருகில் டரட் (தானாகச் சுடும் துப்பாக்கி மெஷின்) கிடந்தால் தூக்கிவந்து நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள்.

தோட்டாவை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். வாழைப்பழத் தோல், காகிதம், உடைந்த சாமான் என்று கிடைத்த குப்பையெல்லாம் அள்ளி ரீசைக்ளரில் கொட்டினால் மூலப்பொருளாகும். அதை ஃபேப்ரிகேட்டரில் போட்டால் தோட்டா. ரீசைக்ளர் குண்டைச் சாமான் குவிந்த அறையில் வீசினால் அறை மொத்தமும் ஒரே வீச்சில் மூலப்பொருளாகிவிடும். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள், நீங்களும் ஆகிவிடுவீர்கள்.

திறன்களைக் கூட்டும் நியூரோமாட்களில் முதலில் கிடைப்பவற்றைச் சுடும் திறனில் போடாமல் ரிப்பேரில் போடுங்கள். உடைந்த டரட்கள் உங்கள் ஆட்களாகும். அடுத்து பாரம் தூக்கும் லெவரேஜ். அடைபட்ட வழிகள் திறக்கும். இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கேம் உங்களுக்கானதல்ல, விட்டுவிடலாம். மூன்க்ராஷ் என்ற தனிப் பகுதியை முதன்மைக் கதையை முடிக்கும் வரை வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆபீஸ் லேப்டாப்தான் இருக்கிறது. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எனக்கு எது?

இரண்டு சொல்கிறேன். இரண்டும் 2018-ல் வந்தவை. இன்டு தி ப்ரீச்: எட்டுக்கு எட்டுக் கட்டப் பலகை, சதுரங்கம் மாதிரி. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது முன்கூட்டியே தெரியும்; அவன் அடியை அவன் கூட்டாளிமேலேயே விழவைப்பதுதான் ஆட்டம். அட்வான்ஸ்டு எடிஷன் 2022-ல் இலவச அப்டேட்டாகவே வந்தது, தனியாகக் காசு கேட்டால் ஏமாறாதீர்கள். இன்னொன்று ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் செய்தது. 1807-ல் ஆளில்லாமல் கரைசேர்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைப் பற்றிச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும், ஊகித்துத் தப்ப முடியாது. கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். தனி கார்டு இல்லாத சிப் திரையில் படம் காட்டும் வேலைக்கும் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடும்போது காட்சி வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும்.

கேள்வி: வெண்பா கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறதாமே? முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டால் தருவார்களா?

விதிப்படி வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இலையைக் காட்டிக் காசு திருப்பிக் கேட்பது மாதிரி அது. வெண்பா, 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா வாங்கியது. கிழிந்த சமையல் நோட்டைப் பார்த்து இட்லியும் பிரியாணியும் சமைக்கும் புதிர்கள் நம் வீட்டுக்காரர்களுக்கு எளிதாகவே இருக்கும்.

ரீஃபண்ட் உண்மையிலேயே உதவுவது வேறு இடத்தில். வாங்கிய மூன்றாம் நாள் தள்ளுபடி வந்துவிட்டதா? திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்குங்கள். இதைத் தவறாகப் பார்ப்பதில்லை என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. மெனுவில் சும்மா நிறுத்தி வைத்தாலும் ஆடிய நேரம் ஓடும் என்பதை மறக்காதீர்கள். வேறு கடைகளில் கணக்கு வேறு: ஜிஓஜியில் 30 நாள், பிளேஸ்டேஷனில் 14 நாள், ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகக் கிடையாது.

கேள்வி: பழைய பிஎஸ்4 டிஸ்க் வாங்கலாமா? ஸ்லீப்பிங் டாக்ஸ் வேண்டும்.

தாராளமாக. டெஃபினிட்டிவ் எடிஷன் என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். 2012-ல் வந்த கேமின் கூடுதல் பகுதிகளெல்லாம் இந்த டிஸ்க்கிலேயே இருக்கின்றன. மற்ற கேம்களுக்கு இன்னொரு சோதனை உண்டு: அட்டை மூலையில் பெகி வயது எண் இருந்தால் ஐரோப்பிய டிஸ்க், ஈஎஸ்ஆர்பி இருந்தால் அமெரிக்க டிஸ்க். கேம் எந்த மெஷினிலும் ஓடும். ஆனால் கூடுதல் பகுதிகளை அதே பிராந்தியக் கணக்கிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: கேமைத் திறக்கும் குறியீடான கீயைப் பாதி விலைக்கு விற்கும் தளங்களில் வாங்கலாமா?

யார் விற்கிறார் என்றே தெரியாத சந்தைத் தளங்களைத் தவிருங்கள். திருட்டுக் கார்டில் வாங்கிய கீ என்று தெரிந்தால் கேமைத் தயாரித்தவர் ரத்து செய்வார். உங்கள் லைப்ரரியிலிருந்து அது போய்விடும். இந்தியாவில் ஓடாத பிராந்தியக் கீயும் வந்து சேரலாம்.

கேள்வி: ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் எங்கும் கிடைக்கவில்லையே?

2012-ல் வந்த அந்த கேமை 2024 ஜனவரியில் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். உரிமங்கள் காலாவதியானதுதான் காரணம். முன்பே ஸ்டீமில் வாங்கியவர்கள் இன்றும் டவுன்லோட் செய்யலாம், புதிதாக வாங்க முடியாது. பிஎஸ்3 டிஸ்க் கிடைத்தால் பிஎஸ்3-ல் மட்டும் ஓடும். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் ஓடாது. பழைய பிசி டிவிடி பெட்டி கண்ணில் பட்டால் உள்ளே உள்ள கீ யாராலும் பயன்படுத்தப்படாததா என்று கேளுங்கள். ஒருமுறை போட்ட கீ மறுபடி வேலை செய்யாது, கையில் வெறும் தட்டுதான் மிஞ்சும்.