முகத்தைப் பொத்திக்கொண்ட கிழவர்

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் வான்கோ பென்சிலில் வரைந்த படம் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்த ஒரு கிழவர் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார். முகமே தெரியவில்லை, ஆனாலும் மனதைப் பிசைகிறது. வான்கோ கடைசியில் தற்கொலை செய்துகொண்டார் என்று நமக்குத் தெரியும் என்பதாலா? நானும் வரைகிறவன். நான் வரையும் ஆட்கள் பொம்மை மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவருடைய முடிவை வைத்து இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். இது 1882 நவம்பரில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் வரைந்தது. அப்போது அவருக்கு 29 வயது, ஓவியம்தான் வாழ்க்கை என்று முடிவெடுத்து இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்த ஆள். உட்கார்ந்திருப்பவர் அந்த ஊர் முதியோர் இல்லத்தில் இருந்த ஸாய்டர்லாந்து என்பவர். குடையோடு, உயரத் தொப்பியோடு, காபி குடித்தபடி என்று அவரைக் காசு கொடுத்து உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அந்த உடம்பு அவர் கைக்கு அத்துப்படி.

இப்போது படத்தைப் பாருங்கள். தலையின் பாரம் முஷ்டிகளில், அங்கிருந்து முழங்கைக்கு, அப்புறம் தொடைக்கு, கடைசியில் அந்தக் கனத்த பூட்ஸுக்கு இறங்குகிறது. எங்கேயும் அறுபடவில்லை. துக்கம் என்று நாம் உணர்வது அந்தப் பாரத்தைத்தான், அதற்கு முகம் தேவைப்படவில்லை.

பென்சிலும் முக்கியம். அக்காலத்தில் அவர் விரும்பி எடுத்தது தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் தடித்த பென்சில். சொரசொரப்பான கெட்டித்தாளில் அழுத்தி வரைந்துவிட்டு, பாலில் தண்ணீர் கலந்து மேலே ஊற்றுவார். கரி கலையாமல் பிடித்துக்கொள்ளும், பென்சிலின் பளபளப்பும் போய்விடும். அந்த மங்கிய கருப்பு அப்படி வந்ததுதான்.

உட்கார்ந்திருக்கும் இதே கோலத்தை அதே மாதம் கல்லச்சிலும் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை) போட்டார், 1890இல் அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார். வண்ணப்படம்தான் ரொம்பப் பிரபலம். எனக்கென்னவோ அந்த நீல உடுப்பு கண்ணை இழுத்துவிடுகிறது, பென்சில் படத்தில் கிழவரைத் தவிர பார்க்க வேறெதுவும் இல்லை.

உங்கள் ஆட்களைச் சோகமாக வரைய முயல வேண்டாம். வேலை முடிந்து வந்து அசந்து உட்காரும் யாரையாவது, போஸ் கொடுக்கச் சொல்லாமல் வரையுங்கள். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் எப்படி அழுந்துகிறது என்பதிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.