கண்ணாடியைக் கீறினாலே புஷ்பராகம் ஆகிவிடாது

காங்கேயம் பக்கம் வயலில் கிடைத்த நிறமற்ற கல் கண்ணாடியைக் கீறுகிறது, அப்படியானால் புஷ்பராகம் (டோபாஸ்) தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் (படிகக்கல்) 7, புஷ்பராகம் 8. மூன்று கற்களுமே கண்ணாடியைக் கீறும். கண்ணாடியைவிட மென்மையான கால்சைட் இல்லை என்பது மட்டும் உறுதி.

அடர்த்தியைப் பாருங்கள். 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, ஆனால் டம்ளரில் எங்கும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 53 கிராம் கல்லுக்கு 20 காட்டினால் 2.65, குவார்ட்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம் (என் ஊகமும் அதுதான்). 15 காட்டினால் 3.5, அப்போது புஷ்பராகம் என்று ஆசைப்படலாம். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விடை குறைந்து வரும்.

2.7 வந்தால் பெரிலையும் (மரகதம் சேர்ந்த கனிம வகை) யோசிக்கணும், உங்கள் பக்கம் அது கிடைப்பதுதான். படிகத்தின் பக்கங்களில் மெல்லிய கோடுகள் நெடுக்கே ஓடினால் பெரில், குறுக்கே ஓடினால் குவார்ட்ஸ்.

சுத்தியலால் மட்டும் தட்டிப் பார்க்காதீர்கள். நிஜமாகவே புஷ்பராகமாக இருந்தால் ஒரே தளத்தில் பிளந்துவிடும்.